பொது மருத்துவரா, ஸ்பெஷலிஸ்ட்டா? எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

தென்காசி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் இருபத்திரண்டு வருடமாகக் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். கிளினிக்கில் வந்து உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் ஹவுஸ் சர்ஜன்கள் (எம்.பி.பி.எஸ்.ஸின் கடைசி வருடம் மருத்துவமனையில் பயிற்சி எடுப்பவர்கள்), அவர்களுடைய அப்பா அம்மாக்கள், சில சமயம் என் நோயாளிகளே கூட, கேட்பதென்னவோ கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே போட்டு, பதிலும் எழுதியிருக்கிறேன்.

மேடம், ஜெனரல் மெடிசின் எம்.டி.யும் குடும்ப மருத்துவரும் ஒண்ணுதானே?

இல்லை. ஜெனரல் மெடிசின் எம்.டி. படித்தவர் பெரியவர்களுக்கு வரும் உள்ளுறுப்பு நோய்களில் நிபுணர். சர்க்கரை, இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றிலும் ஆழமாகப் போவார். குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது, கர்ப்பிணியைப் பார்ப்பது, அரிவாள் வெட்டுக்குத் தையல் போடுவது எல்லாம் அவர் படிப்பின் மையம் கிடையாது. குடும்ப மருத்துவம் தனிப் படிப்பு, எம்.டி.யாகவோ அதற்கு இணையான தேசிய வாரியப் பட்டமான டி.என்.பி.யாகவோ மூன்று வருடம். பிறந்த குழந்தை முதல் தொண்ணூறு வயதுத் தாத்தா வரை, உடம்பில் எந்தப் பாகமானாலும், முதலில் பார்க்கிற ஆள் இவர். எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்துவிட்டு கிளினிக் வைத்திருப்பவரும் செய்வது பெரும்பாலும் இதே வேலைதான்.

நான் எம்.பி.பி.எஸ். முடித்து, சில வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்துவிட்டு, வேலையில் இருந்துகொண்டே வேலூர் சி.எம்.சி.யின் தொலைநிலைக் குடும்ப மருத்துவப் பட்டயம் படித்தவள். கீழே 'பொது மருத்துவர்' என்று எங்கே சொன்னாலும் இந்த வகையினரைத்தான் சொல்கிறேன்.

மொத்தம் எத்தனை வருஷம் படிக்கணும்?

எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், சி.ஆர்.ஆர்.ஐ. என்கிற ஹவுஸ் சர்ஜன் பயிற்சி ஒரு வருடம், ஆக ஐந்தரை. எம்.டி., எம்.எஸ்., டி.என்.பி. மூன்று வருடம். அதற்கும் மேலே, ஒரு உறுப்பிலேயே ஆழமாகப் போகும் டி.எம்., எம்.சிஎச். இன்னொரு மூன்று. இடைவெளியே இல்லாமல் போனாலும் பதினொன்றரை வருடம் ஆகிவிடும், மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வுக்காக வீட்டில் உட்கார்ந்து படிக்கும் வருடங்களும், ஒப்பந்தப்படி அரசுக்கு வேலை பார்க்கும் பாண்ட் வருடங்களும் தனி. பதினெட்டு வயதில் சேர்ந்தவர் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்றில்தான் வெளியே வருகிறார். இதை வைத்து யாரையும் பயமுறுத்தவில்லை, கணக்கு போடும்போது எல்லா வருடங்களையும் சேர்த்துப் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பொண்ணு பாக்க வர்றவங்க "வெறும் எம்.பி.பி.எஸ்.தானா?"ன்னு கேக்கறாங்க. என்ன பதில் சொல்ல?

இந்த 'வெறும்' என்ற சொல் என்னையும் பல வருடம் குத்தியிருக்கிறது. 1946இல் வந்த, சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதாரக் குழுவின் அறிக்கைதான் இன்று நாம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அடித்தளம். அந்தக் குழு, குறுகிய படிப்பான எல்.எம்.பி.யை நிறுத்திவிட்டு, நாட்டுக்கு ஒரே தரத்தில் 'அடிப்படை மருத்துவர்' வேண்டும் என்றது. எங்கே கொண்டுபோய்விட்டாலும் தனியாக நின்று மக்களைப் பார்க்கக்கூடிய மருத்துவரை உருவாக்குவதுதான் எம்.பி.பி.எஸ். படிப்பின் நோக்கமாகவே இருந்தது. பிறகு அதே படிப்பு, மேற்படிப்புக்குப் போகும் வழியில் ஒரு ஸ்டாப் மாதிரி ஆகிவிட்டது.

சரி, மாப்பிள்ளை வீட்டாருக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் ஒன்றை நீங்கள் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எம்.பி.பி.எஸ்.ஸோடு படிப்பதை நிறுத்திக்கொண்டவருக்கு அந்த 'வெறும்' கொஞ்சம் பொருந்தும். பொது மருத்துவம் தானாக வந்துவிடாது, அதற்கும் முறையான பயிற்சி வேண்டும். இங்கிலாந்தில் ஜி.பி., அதாவது பொது மருத்துவர், ஆக வேண்டுமென்றால், மருத்துவப் படிப்புக்குப் பிறகு இரண்டு வருட அடிப்படைப் பயிற்சியும் அதன்மேல் மூன்று வருடத் தனிப் பயிற்சியும் முடித்தாக வேண்டும். அங்கே அது வேறு எதுவும் கிடைக்காமல் போய்ச் சேரும் இடம் இல்லை.

எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் தெரிஞ்சு, எதுவுமே முழுசா தெரியாம போயிடாதா?

இதைக் கேட்காத ஹவுஸ் சர்ஜனே இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். என் கிளினிக்குள் வரும் நோய்க்கு அப்போது பெயர் இருக்காது. "உடம்பு ஒரு மாதிரியா இருக்கு டாக்டரம்மா" என்றுதான் வரும். அதற்குப் பின்னால் தைராய்டு இருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம், காசநோயின் தொடக்கம் இருக்கலாம், மகன் குடிக்க ஆரம்பித்திருக்கலாம். ஸ்பெஷலிஸ்ட்டிடம் போகும்போது அந்த நோய்க்குப் பாதிப் பெயராவது வந்திருக்கும், இது இதயம் சம்பந்தப்பட்டது, இது நரம்பு சம்பந்தப்பட்டது என்று. பெயரில்லாததற்குப் பெயர் கண்டுபிடிப்பது ஒரு திறமை, பெயர் தெரிந்ததை அடிவரை போய்ச் சரிசெய்வது இன்னொரு திறமை. முதலாவதை இரண்டாவதில் ஒரு கால் பங்கு என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

தலைவலியையே எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வரும் தலைவலிகளில் பெரும்பாலானவை தூக்கமின்மை, மன இறுக்கம், ஒற்றைத் தலைவலி, சில சமயம் கண்ணாடியின் பவர் மாறியது. நரம்பியல் நிபுணரிடம் போகும் தலைவலிகளோ ஏற்கெனவே என்னைப் போன்ற நாலு பேர் வடிகட்டி அனுப்பியவை, அவற்றில் கட்டியோ ரத்தக்கசிவோ இருக்கும் வாய்ப்பு நிஜமாகவே அதிகம். அதனால் அவர் ஸ்கேன் எடுப்பது சரி. அதே ஸ்கேனை நான் வருகிற எல்லோருக்கும் எழுதினால் தப்பு. எதற்கும் சம்பந்தமில்லாத ஒரு சின்னப் புள்ளி அதில் தெரியும், அதைத் துரத்திக்கொண்டு அந்தக் குடும்பம் ஆறு மாதம் அலையும். ஒரே அறிகுறிதான், ஆனால் எந்தக் கதவு வழியாக வருகிறது என்பதைப் பொறுத்து அதன் அர்த்தம் மாறிவிடுகிறது.

அப்படியானால் என் வேலை என்ன? இடி விழுந்தது போலத் திடீரென்று வந்த தலைவலி, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கியது, காலையில் வாந்தியோடு எழுப்புவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, கைகால் பலவீனத்தோடு வருவது, இவற்றை நூறு சாதாரணத் தலைவலிகளுக்கு நடுவே தவறவிடாமல் பிடித்து அன்றைக்கே அனுப்புவது. தொண்ணூற்றொன்பது பேரிடம் "ஒன்றுமில்லை" என்று தைரியமாகச் சொல்லவும் வேண்டும், நூறாவது ஆளிடம் அதைச் சொல்லாமல் இருக்கவும் வேண்டும். இதற்குப் பெயர் கொஞ்சம் கொஞ்சம் தெரிவது அல்ல.

அப்போ ஸ்பெஷலிஸ்ட்டே தேவையில்லைன்னு சொல்றீங்களா?

அய்யோ, இல்லை. மாரடைப்பில் அடைத்துப்போன ரத்தக்குழாயை ஒன்றரை மணி நேரத்துக்குள் திறந்துவிட வேண்டும் என்று ஓடுகிற இதய நிபுணர் இல்லையென்றால், நான் இ.சி.ஜி. எடுத்துக் கண்டுபிடித்து என்ன பயன்? கைவேலை திரும்பத் திரும்பச் செய்யச் செய்யத்தான் கூடும். எங்கள் அம்மாவுக்குக் கண்புரை அறுவை செய்தபோது, அன்று காலை மட்டும் எத்தனையோ கண்களைச் செய்து முடித்திருந்த ஒருவர் கையில்தான் அவளை ஒப்படைத்தேன். அதில் எனக்கு ஒரு துளி பயம் இல்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இதற்கு நல்ல உதாரணம். 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. அங்கே அறுவை அரங்கில் ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவரைச் செவிலியர்கள் தயார் செய்து வைத்துவிடுவார்கள். மருத்துவர் அந்த ஒரு வேலையை மட்டும் செய்கிறார், அதை மிக நன்றாகச் செய்கிறார். வேலையை அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக்கொண்டதால்தான் ஏழைக்கும் அதே தரம் எட்டியது. ஆழமாகப் போவதன் அழகு எனக்கு அங்கேதான் புரிந்தது.

டாக்டரம்மா, நேரா பெரிய டாக்டர்கிட்டயே போயிட்டா நேரம் மிச்சம்தானே?

இது நோயாளிகள் கேட்பது. சில சமயம் மிச்சம்தான். கண்ணில் முள் குத்தினால் என்னிடம் வர வேண்டாம், கண் மருத்துவரிடம் போங்கள். ஆனால் எந்தப் பெரிய டாக்டர் என்று தெரியாதபோதுதான் சிக்கல்.

எழுபது வயதுப் பெரியவர் ஒருவருக்குத் தலைசுற்றல். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனார், காதில் கோளாறு இல்லை. நரம்பு மருத்துவரிடம் போனார், எம்.ஆர்.ஐ. வயதுக்கேற்ப இருந்தது. எலும்பு மருத்துவர் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பட்டை போடச் சொன்னார். மூன்று பேரும் தங்கள் துறையில் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. பிறகு மாத்திரைப் பையோடு என்னிடம் வந்தார். பையை மேசையில் கொட்டினோம். ரத்த அழுத்தத்துக்கு ஒருவர் கொடுத்தது, புராஸ்டேட் வீக்கத்துக்கு இன்னொருவர் கொடுத்த டாம்சுலோசின், இரண்டும் ராத்திரி சேர்ந்தே போய்க்கொண்டிருந்தன. படுக்க வைத்து ஒரு தடவை, எழுந்து நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்தேன். நின்றதும் மடமடவென்று இறங்கியது. எழுதிக்கொடுத்த இரண்டு மருத்துவர்களிடமும் போனில் பேசி மாத்திரைகளை மாற்றி அமைத்தோம், இரண்டு வாரத்தில் மனிதர் பழையபடி வயலுக்குப் போனார். அவருடைய நோய் எந்த ஒரு துறைக்குள்ளும் இல்லை, இரண்டு சீட்டுகளுக்கு நடுவில் இருந்தது.

கிராமத்துல என்ன பெரிய கேஸ் வரப்போகுது, சளி காய்ச்சல்தானே?

ஒரு மழைக்காலம் என்னோடு இருந்து பாருங்கள். விடியற்காலையில் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ராத்திரி தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பான், வயிற்றுவலி என்பான், உடம்பில் கடித்த தடமே தெரியாது, வலியும் இருந்திருக்காது. கண் இமை இரண்டும் மேலே தூக்க முடியாமல் விழுந்துகொண்டிருக்கும். அது கட்டுவிரியன் பாம்பின் கடி. வயிற்றுவலி மருந்து கொடுத்து அனுப்பினால் மூச்சு நின்றுபோகும். கண்ணாடிவிரியனாக இருந்தால் வேறு மாதிரி, ரத்தம் உறையாது. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து உடனே. கருவியே வேண்டாத அந்தச் சோதனைக்கு வேண்டியது ஒரு குழாயும் ஒரு கடிகாரமும், அதைச் செய்ய வேண்டும் என்று அந்த நேரத்தில் நினைவு வருகிற ஒரு மருத்துவரும்தான்.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். அதற்கான விஷம், 1978இல் தொடங்கி சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் நடக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து பெருமளவு போகிறது. பாம்புக்கடி ஸ்பெஷலிஸ்ட் என்று நம் பக்கத்தில் யாரும் போர்டு மாட்டியிருக்கவில்லை. பூச்சிமருந்து குடித்துவிட்டு வாயில் நுரையும் ஊசிமுனைக் கண்மணியுமாக வருபவருக்கு அட்ரோபின் ஏற்றத் தொடங்குவதும் முதலில் பார்க்கிற ஆள்தான். அந்த முதல் அரை மணி நேரத்தில் அங்கே இருப்பது பொது மருத்துவர் மட்டுமே.

பணம்?

நேர்மையாகச் சொன்னால் குறைவு. அறுவை போன்ற ஒரு செயல்முறைக்குக் கிடைக்கும் கட்டணம், அரை மணி நேரம் பேசிக் கேட்டதற்குக் கிடைக்காது. என்னோடு படித்தவர்களில் ஸ்பெஷலிஸ்ட் ஆனவர்கள் என்னைவிட நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். ஆனால் நான் ஐந்தாறு வருடம் முன்னதாகவே சம்பாதிக்கத் தொடங்கிவிட்டேன், எந்தக் கருவிக்காகவும் கடன் வாங்கவில்லை. வீட்டுக் கடன் முடிந்தது, இரண்டு பிள்ளைகளும் படிக்கிறார்கள். கல்விக் கடன் கழுத்தை நெரிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு நான் "பணத்தைப் பார்க்காதே" என்று அறிவுரை சொல்ல மாட்டேன், அது நியாயமில்லை.

மூணு தடவை நீட் பி.ஜி. எழுதிட்டேன், பிடிச்ச கோர்ஸ் வரலை. கிடைச்சதை எடுத்துக்கட்டுமா?

தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். பிடித்த கோர்ஸ் என்பது உனக்குப் பிடித்ததா, அல்லது உன் ரேங்க்குக்கு முன்னால் இருப்பவர்கள் வரிசையாக எடுத்துக்கொண்டே போவதா? ரேடியாலஜியும் (ஸ்கேன், எக்ஸ்ரே துறை) டெர்மட்டாலஜியும் (தோல் மருத்துவம்) முதலில் தீர்ந்துபோவதால் அவை உனக்கும் பிடிக்க வேண்டும் என்று இல்லை. ஒரு துறை பிடித்திருக்கிறதா என்று பார்க்க, அந்தத் துறையின் அதிசயமான கேஸை நினைக்காதே. புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, நாற்பதாவது ஆளாக வருகிற அதே அலுப்பூட்டும் கேஸை நினைத்துப்பார். அதைப் பார்க்கச் சலிப்பில்லை என்றால் எடுத்துக்கொள். பல வேறு மாதிரி நோயாளிகள் அடுத்தடுத்து வந்தால்தான் உனக்கு மூளை ஓடும் என்றால், ஒரு உறுப்புக்குள் போய் அடைபடாதே, குடும்ப மருத்துவ டி.என்.பி. இடங்களையும் கவுன்சலிங் பட்டியலில் திறந்து பார்.

இன்னும் தெரியவில்லை என்றால் நாலாவது தடவை வீட்டில் உட்கார வேண்டாம். ஒரு வருடமாவது ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தாலுகா மருத்துவமனையிலோ வேலை பார். புத்தகத்துக்கு முன்னால் மட்டும் மூன்று வருடம் இருந்தவனுக்கு எது பிடிக்கும் என்று எப்படித் தெரியும்?

நாப்பது வயசுக்கு மேல பாதை மாத்தலாமா?

மாற்றலாம். அரவிந்த் பற்றி மேலே சொன்னேன் இல்லையா, அதைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி முதலில் விரும்பியது மகப்பேறு மருத்துவத்தை. முடக்குவாதம் கை விரல்களைக் கோணலாக்கிவிட்டதால் அதை விட வேண்டியதாயிற்று. கண் மருத்துவத்துக்கு மாறி, அந்த விரல்களாலேயே அறுவை செய்யப் பழகிக்கொண்டார். அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த 11 படுக்கைகள். எதிர்ப் பக்கமாக, நாற்பதுக்கு மேல் ஆழத்திலிருந்து அகலத்துக்கு வருகிறவர்களும் உண்டு, என் தோழியான ஒரு மயக்கவியல் மருத்துவர் இப்போது வலி நிவாரணமும் இறுதிக்கால வீட்டுப் பராமரிப்பும் பார்க்கிறாள்.

நான் ஸ்பெஷலிஸ்ட் ஆயிட்டேன். ஆனா மத்ததெல்லாம் மறந்துட்டே வருது, பயமா இருக்கு.

பயம் நியாயமானது. கண் மருத்துவத்தில் மிகத் தேர்ந்த ஒரு நண்பர், அவருடைய அப்பா மேல்வயிற்றில் எரிச்சல் என்றபோது வாயுத் தொல்லைக்கு மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தார். வியர்க்கிறது என்றதும் எனக்குப் போன் செய்தார். "சர்க்கரை உண்டா?" "உண்டு." "இ.சி.ஜி. எடுங்க, இப்பவே." இதயத்தின் அடிப்பகுதியில் அடைப்பு. பிழைத்துக்கொண்டார். நண்பர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் கலங்குவார், நான் அவரைக் குறை சொல்லவே மாட்டேன். இருபது வருடம் கண்ணை மட்டும் பார்த்த ஒருவருக்கு வேறு எப்படி இருக்கும்?

எல்லாவற்றையும் மறுபடி படிக்க முடியாது. எந்த நோய் தவறவிட்டால் ஆளைக் கொன்றுவிடும் என்ற பட்டியலை மட்டும் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள். மாரடைப்பு, பக்கவாதம், மூளைக்காய்ச்சல், கர்ப்பத்தில் ரத்தப்போக்கு, இப்படி ஒரு பத்துப் பதினைந்து. அப்புறம், தயங்காமல் போன் செய்ய ஒரு பொது மருத்துவரை நண்பராக வைத்துக்கொள்ளுங்கள்.

பொது மருத்துவர் தன் எல்லை எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

எனக்கு அது ஒரு தவறு வழியாகத்தான் புரிந்தது. ஐம்பத்தைந்து வயது பஸ் கண்டக்டர், பீடி குடிப்பவர், குரல் கம்மியது. கத்திக் கத்தி டிக்கெட் கொடுப்பதால் என்று நினைத்தேன், அவரும் அதையே சொன்னார். இரண்டு தடவை மருந்து மாற்றினேன், ஏழு வாரம் போயிற்று. குரல்வளைப் புற்றுநோய். நல்ல வேளையாகக் குணமாகும் கட்டத்தில் இருந்தது, ஆனால் அந்த ஏழு வாரம் என்னுடையது. குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினால், அதுவும் புகைப்பவருக்கு, குரல்வளையை உள்ளே பார்க்கத் தெரிந்தவரிடம் அனுப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியாத பாடம் இல்லை. நன்றாகத் தெரிந்த மனிதர் என்பதால் மனது சாதாரணக் காரணத்தைத் தேடிக்கொண்டது.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒரே தொந்தரவுக்கு ஒருவர் மூன்றாவது தடவை வந்தால், மருந்தை மாற்றுவதற்கு முன் ஆளை மாற்றுவேன். வேறு ஒருவர் பார்க்கட்டும்.

எல்லாத்தையும் பாக்கற ஆளுக்கு தனக்குன்னு ஒரு ஆழம் வேணாமா?

வேண்டும், எனக்கும் அந்த ஏக்கம் வந்தது. நான் தேர்ந்தெடுத்தது சர்க்கரை நோயாளிகளின் பாதம். பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது, செருப்பின் தேய்மானத்தைப் பார்ப்பது, ஆணி விழும் இடத்தை முன்கூட்டியே கவனிப்பது. எங்கள் ஊரில் வெறுங்காலோடு வரப்பில் நடப்பவர்கள் அதிகம், அதனால் ஊருக்கு வேண்டியதையே என் ஆழமாக வைத்துக்கொண்டேன்.

வேலைக்கு வெளியேயும் அப்படித்தான். சமையல், பிள்ளைகள், தோட்டம், சங்கத்து வேலை என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் ஒன்றிலாவது தவறு கண்டுபிடிக்கும் அளவுக்குக் காது பழக வேண்டும். எனக்கு அது வீணை. எட்டு வருடமாக ஒரே ஆசிரியையிடம் போகிறேன். நான் மாணவியாக உட்கார்ந்து திருத்தப்படுகிற ஒரே இடம் அது, அதனால் வாரத்தில் அந்த ஒரு மணி நேரத்தை யாருக்கும் கொடுப்பதில்லை.

ஒரே ஊர்ல, ஒரே ஆளுங்களையே பாத்துட்டு இருந்தா சலிக்காதா?

எனக்குச் சலிக்கவில்லை. நான் பிரசவம் பார்த்த பெண் குழந்தை போன மாதம் தன் குழந்தையோடு வந்தாள். அவளுடைய பாட்டிக்கு என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, அப்பா எதை மறைப்பார் என்பதெல்லாம் எந்த ஃபைலிலும் இல்லை, என் தலையில் இருக்கிறது. இது வெறும் உணர்ச்சிப் பேச்சும் அல்ல. ஒரே மருத்துவரைத் தொடர்ந்து பார்ப்பதைப் பற்றி 9 நாடுகளில் நடந்த 22 ஆய்வுகளை 2018இல் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 18 ஆய்வுகளில், அப்படித் தொடர்ந்து பார்த்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. குடும்ப மருத்துவருக்கு மட்டுமல்ல, ஸ்பெஷலிஸ்ட்டுக்கும் அது பொருந்தியது.

எம் பொண்ணு ஹவுஸ் சர்ஜன் முடிக்கப்போறா. நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா, எதுல சேக்கட்டும்?

அண்ணாச்சி, நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். அவள் லீவில் வரும்போது ஒரு வாரம் என்னிடம் அனுப்புங்கள். அடுத்த வாரம் திருநெல்வேலியில் எனக்குத் தெரிந்த இதய நிபுணரிடம் கேட்டு, அவர் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். இரண்டையும் பார்த்துவிட்டு அவளே பேசட்டும். காலை ஒன்பது மணிக்கு ஓ.பி. தொடங்கும். ஸ்டெதாஸ்கோப்பும், நாள் முழுக்க நிற்கத் தோதான செருப்பும் கொண்டுவரச் சொல்லுங்கள்.